முடி விட்ட தோல்

என் வீட்டுக்காரரின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது.

அவருக்குத் தோல் மண்டியில் வேலை. ஆம்பூருக்கு வெளியே, பைபாஸை ஒட்டி, லாரியில் ஆட்டுத் தோல்கள் வந்து இறங்கும் குடோன் அது. உப்பு தடவி மடித்து வரும் தோல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று ஒதுக்கிப் போடுவதுதான் அவர் உத்தியோகம். கண்ணால் பார்ப்பது பாதி, கையால் பார்ப்பது மீதி. தோலின் வயிற்றோரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு கொத்து முடியைப் பிடித்து லேசாக இழுப்பார். முடி அசையாமல் நின்றால் தோல் நல்ல தோல். கையோடு வந்துவிட்டால், ஆட்டை உரித்தவர்கள் உப்பு போடத் தாமதித்துவிட்டார்கள், உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் முடி விட்ட தோல். வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய்ச் சுண்ணாம்பில் ஊறி எழுந்த பிறகுதான் மேல்பக்கம் அரித்துப் போயிருப்பது தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இந்த இழுப்பு அவருக்கு வியாதி மாதிரி ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவரின் சால்வைக் குஞ்சத்தை இழுத்துப் பார்ப்பார். தெருவில் படுத்திருக்கும் ஆட்டைக்கூடச் சும்மா விடமாட்டார். அது எழுந்து முட்ட வரும், இவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

நான் ஷூ கம்பெனியில் இருக்கிறேன். தைத்து வரும் மேல்பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு, கறை, கோணல் தையல் இருந்தால் தனியே எடுத்து வைக்கும் செக்கிங் டேபிளில் வேலை. ஆக எங்கள் இரண்டு பேருக்குமே குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டில் அதை ஒருவருக்கொருவர் இலவசமாகச் செய்துகொள்வோம்.

வெயில் காலம் தொடங்கும் முன்பே எனக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காலையில் இருக்காது. கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கண் எரியும், வீட்டுக்கு வந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். சோறு இறங்கவில்லை. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் ஓட்டினேன். பிறகு கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி எழுந்தது. வலியே இல்லை. வலிக்காததால் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவர்தான் ஒருநாள் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். கழுத்து நெறிக்கட்டியில் டிபி. நுரையீரலில் இல்லை, அதனால் மற்றவர்களுக்கு ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஆறு மாதம் தினமும் மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது. கட்டி கரைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி பலம் பிடித்துக்கொள்ளும், பிறகு இதே மருந்துக்கு மசியாது, உயிருக்கே ஆபத்து என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

டிபி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் கம்பெனி லைனில் இருப்பவர்கள் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தனியே வைப்பார்கள். அதனால் கம்பெனியில் சொல்லவில்லை. விஷக் காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறேன் என்றேன். அது பொய்யும் இல்லை, டிபி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்தான். அவருடைய அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். கலவை என்ற ஊரில் இருக்கிறார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து எங்களைச் சரிபார்த்துவிட்டுப் போவார்.

செங்கல் நிறத்தில் பெரிய மாத்திரைகள். விழுங்கிய அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் முதல்முறை பார்க்கும்போது தூக்கிவாரிப் போட்டது. சில வாரங்களில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. பசி வந்தது. எடை ஏறியது. கட்டி சுருங்கத் தொடங்கியது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

சீப்பில் வருவது எல்லோருக்கும் வரும். இது அப்படி இல்லை. தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது. தலையணை உறையில், சாம்பார் கரண்டியில், துவைத்த துணியில் எல்லாம் முடி. பின்னல் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. என் முடியைப் பற்றி நான் பெரிதாகப் பெருமைப்பட்டவள் இல்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைத் திட்டிக்கொண்டேதான் பின்னுவேன். போகத் தொடங்கிய பிறகுதான் அதன்மேல் இத்தனை ஆசை இருந்தது எனக்கே தெரிந்தது. கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் பேக்கிங்கிலிருந்து ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். உள்ளே லைனிங்கின் பசையில் ஒரு நீளமான முடி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. யாருடைய முடி என்று லைன் முழுக்கக் கேட்டார். எல்லோரும் தொப்பி போட்டிருந்தோம். என் தொப்பியைக் கழற்றினால் அதற்குள் ஒரு கைப்பிடி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் போன பிறகு பக்கத்து நாற்காலிக்காரி என் தோளிலிருந்து ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள்.

“இன்னா மாத்திரை துன்ற நீ? அதான் கொட்டுது. ஆன்டிபயாட்டிக்னாலே அப்டிதான். எங்க சித்திக்கும் முடியெல்லாம் போய்ட்சி.”

“உங்க சித்திக்கு இன்னா வியாதி?”

“அதெல்லாம் தெர்ல. மாத்திரை போட்டாங்க, முடி போய்ட்சி.”

இந்த ஒரு வரியை அந்த மாதத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேனோ. மாத்திரை போட்டாள், முடி போய்விட்டது. நடுவில் அவளுக்கு என்ன வந்தது, எத்தனை நாள் பட்டினியாகக் கிடந்தாள் என்று ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வியாதி கண்ணுக்குத் தெரியாது, மாத்திரை தெரியும். பழியைப் போடுவதற்கு எடுப்பான நிறத்தில் வேறு இருக்கிறது. போனில் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் கொட்டும் என்று இருந்தது, அடுத்த இடத்தில் கொட்டாது என்று இருந்தது, மூன்றாவது இடத்தில் எண்ணெய் விற்றார்கள்.

அந்த மாதம் அண்ணி வந்தபோது என் தலையைப் பார்த்த பார்வையில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“மூத்திரமே செவப்பா போவுதுன்ற. அவ்ளோ சூடு அந்த மாத்திரை. உள்ள கீறதெல்லாம் வேக வைக்குது, முடி எப்டி நிக்கும்? கட்டிதான் கம்மியாய்ட்சே. இன்னும் எதுக்கு அத்த முழுங்கிகினு கீற? நிறுத்து.”

“நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க அண்ணி.”

“அவங்களுக்கு இன்னா, சொல்லுவாங்க. கொட்டறது அவங்க முடியா?”

அடுத்த நாள் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன். கட்டி உண்மையிலேயே தடவினால்தான் தெரியும் அளவுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. முடி போவது கண்ணெதிரே நடக்கிறது. டாக்டர் சொன்ன ஆபத்து எங்கோ பின்னால் இருக்கிறது. விழுங்கினேன். விருப்பத்தோடு விழுங்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தினமும் மண்டியிலிருந்து வந்து, கை கால் கழுவி, டீ குடித்துவிட்டு, நான் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். நெற்றிக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து லேசாக ஒரு இழுப்பு. முடி கையோடு வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு வெளியே போய்விடுவார். இரவு சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவார். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததால் நானும் பேசவில்லை. சின்ன வீடு அது, பேசாமல் இருக்க அதில் இடமே இல்லை, இருந்தும் இரண்டு பேரும் சமாளித்தோம்.

ஒருநாள் சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டை மாத்திரைகளை எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதையும் சேத்துப் போடு.”

“இன்னாங்க இது?”

“ஆன்டிபயாட்டிக். மெடிக்கல்ல ஜாஸ்தி பவர்ல கேட்டு வாங்கினேன்.”

“இருக்கற மாத்திரையாலதான் முடி கொட்டுதுன்னு ஊரே சொல்லுது. நீங்க இன்னொண்ண வாங்கினு வந்து நிக்கிறீங்க.”

அவர் அட்டைகளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, வெளியில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“உப்பு பத்தலம்மா.”

எனக்கு முதலில் அன்றைய குழம்பைச் சொல்கிறார் என்றுதான் பட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் மண்டியில் நிற்கிறார் என்பது புரிந்தது. உள்ளே கிருமி இருந்தால் முடி விடும். கிருமியைக் கொல்வதற்கு உப்பு. உப்பு போட்டும் முடி விடுகிறது என்றால் போட்ட உப்பு போதவில்லை. அப்படி ஒரு லோடு வந்து இறங்கினால் உடனே எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப உப்பு அடிப்பார்கள். சிலது தேறும், பலது தேறாது. எனக்குக் கொடுக்கும் மருந்து குறைச்சல் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். தினமும் இழுத்துப் பார்த்தது அதற்குத்தான்.

அக்கா நிறுத்து என்கிறார், தம்பி இரட்டிப்பாக்கு என்கிறார். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த அட்டைகளை எடுத்துப் பைக்குள் போட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நீங்களும் வாருங்கள், இரண்டில் ஒன்று அங்கேயே தெரிந்துவிடட்டும் என்றேன்.

அன்றைக்கு அந்தப் பிரிவில் இருந்தது வேறு டாக்டர். இளம்பெண், தெற்கத்திப் பேச்சு. நான் தொப்பிக்குள் சேர்த்து வைத்திருந்த முடிச்சுருளை மேசையில் வைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. காய்ச்சல் எப்போது இருந்தது, எடை எப்போது குறைந்தது என்று கேட்டுக்கொண்டே என் சீட்டைப் புரட்டினார்.

“முடி உடனே கொட்டாதும்மா. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தா, நிறைய முடி வளர்றத நிறுத்திட்டு ஓய்வுக்குப் போயிரும். ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் விழும். இப்ப விழுறது அந்தக் காய்ச்சல் நேரத்து முடி. மாத்திரை ஆரம்பிச்ச பிறகு விழுறதால பழி மாத்திரை மேல விழுது.”

“அப்ப மாத்திரையால இல்லவே இல்லியா?”

“இல்லவே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த மாத்திரைகள்ல ஏதோ சிலருக்கு, அபூர்வமா, கொட்டியிருக்கு. ஆனா உங்களுக்கு அவ்வளவு நாள் காய்ச்சல், அவ்வளவு எடை குறைஞ்சிருக்கு. அதுவே போதும். எப்படி இருந்தாலும் முடி திரும்ப வந்துரும். நிறுத்தினா வர்ற டிபி அப்படிப் போகாது.”

ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்றுதான் போனேன். அது கிடைக்கவில்லை. கிடைத்தது இதுதான். என்னவோ, சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

பிறகு அந்த இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தேன். டாக்டர் மருந்தின் பெயரைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இஷ்டத்துக்கு வாங்கிக் கலந்து கொடுக்கக்கூடாது, அவரவர் எடைக்குத் தகுந்த மாதிரிதான் மாத்திரையின் அளவு என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். எடைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோலின் எடையைப் பார்த்துத்தான் உப்பும் போடுவார்கள். அந்த வாதம் அவருக்கு ஒரே நொடியில் ஏறிவிட்டது. ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது.

“டாக்டரம்மா, முடி வுடுதே. உள்ள அழுவல் எதுனா கீதா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். இவருடைய வேலையைச் சொல்லி, முடி விட்ட தோல் என்றால் என்ன என்பதையும் நான்தான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. சுருளிலிருந்து ஒரு முடியைப் பிரித்து அதன் வேர்நுனியைக் காட்டினார். சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

“இது அழுகி வந்த வேர் இல்லங்க. தன் வேலை முடிஞ்சு தானா கழண்டு வந்தது. அதே குழியில அடுத்தது வளரும்.”

இவர் அந்த முடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மண்டியில் சந்தேகம் வந்தால் செய்வது அதுதான். எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, எடைக்குத்தான் கொடுக்கிறார்கள், சரிதான் என்று தனக்குத்தானே சொன்னார். இறங்கும் இடம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

“இவ்ளோ வருசமா பாக்கறேன். முடி வுட்ட தோலு திரும்ப தேறி நான் பாத்ததில்லம்மா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து போகவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தினமும் சாயங்காலம் தன் விரலால் உறுதி செய்துகொண்டு, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் எழுந்து போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வெளியே பாலாற்று மணல்தான் தெரிந்தது.

அதன் பிறகு மாத்திரையை அவர் எதிரில்தான் விழுங்கினேன். அண்ணி கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை. முடி கொட்டுவது உடனே நிற்கவில்லை. வகிடு அகலமாகி, வெளிச்சத்தில் மண்டைத் தோல் தெரிந்தது. கம்பெனியில் தொப்பி இருந்ததால் தப்பித்தேன். வீட்டில் அவர் என் தலையில் கை வைப்பதை அடியோடு விட்டுவிட்டார். டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டியவர், விரல் சொல்லப்போவதைக் கேட்கப் பயந்தார். முடி போனதைவிட அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. சாயங்காலம் ஆனால் பின்னால் ஆள் வந்து நிற்பது பழகிப்போயிருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்து, எடை பார்த்து, போதும், நிறுத்திவிடலாம் என்றார்கள். நான் ஸ்வீட் வாங்கலாம் என்றேன். அவர் வாங்கினார், ஆனால் சாப்பிடவில்லை. இப்போது மாத்திரையும் இல்லையே என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. தேறிவிட்டேன் என்று ஆஸ்பத்திரி சொல்கிறது, கட்டி இல்லாத கழுத்து சொல்கிறது, அவருக்கு மட்டும் யார் சொன்னாலும் போதவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை சீவும்போது நெற்றி ஓரத்தில் ஏதோ குத்துவதுபோல் பட்டது. கண்ணாடிக்குக் கிட்டே போனேன். நெற்றியோரம் முழுக்கக் குட்டிக் குட்டியாக முடி, பழைய பல் துலக்கும் பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. எண்ணெய் தடவி அழுத்தினாலும் படியவில்லை. பார்க்க அசிங்கமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

“இங்க வாங்க. இத்த இழுத்துப் பாருங்க.”

“வாணாம்.”

“பாருங்கன்றேன்ல.”

வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார், நீட்டவில்லை. நானே அவர் விரலைப் பிடித்து நெற்றிக்கு மேலே வைத்தேன். தொட்டதும் விரல் தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. லேசாக இழுத்தார், வரவில்லை. விரலைப் பார்த்தார், காலியாக இருந்தது. இடம் மாற்றிப் பிடித்து மண்டியில் இழுப்பதுபோல நன்றாகவே ஒரு இழுப்பு இழுத்தார்.

“ஐயோ! வலிக்குது, வுடுய்யா!” என்று கத்திவிட்டேன். கல்யாணமானதிலிருந்து அவரை மரியாதையில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

“வலிக்குதா?” என்றார்.

“பின்ன? வலிக்காதா?”

அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அவர் இழுத்துப் பார்த்த தோல் எதுவும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. மெதுவாக இன்னொரு தரம் இழுத்தார். நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.